ஒரே உறையில் இரண்டு கத்தி: மோடத்தையும் ரவுட்டரையும் தனித்தனியாகப் பொருத்துவது

வீட்டு மோடத்தோடு தனியாக ஒரு ரவுட்டரை இணைப்பது பெரிய வித்தையில்லை. கம்பி இரண்டு, அடாப்டர் இரண்டு, உலாவியில் நிரப்ப வேண்டிய பக்கம் ஒன்றிரண்டு, அவ்வளவுதான். ஆனாலும் நெட்வொர்க் பராமரிப்பே பிழைப்பாக இருக்கும் எனக்கு, இந்த வேலையில் பாதியில் நின்றுபோன உறவினர்களிடமிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. "எல்லா விளக்கும் எரிகிறது மாமா, இணையம்தான் வரவில்லை" என்பார்கள். போய்ப் பார்த்தால் அநேகமாக ஒரே காரணம்தான்: வீட்டிலுள்ள இரண்டு பெட்டிகளுமே தானே ரவுட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஒரே உறையில் இரண்டு கத்தி. முகவரி கொடுக்கும் வேலை எந்தப் பெட்டிக்கு என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டால் மீதி வேலை வரிசையாக வந்துவிடும்.

மோடத்தின் வேலை சிறியது. வெளியிலிருந்து தொலைபேசிக் கம்பி, கேபிள் டிவி கம்பி, ஃபைபர் என்று எதில் இணைப்பு வந்தாலும், அந்தச் சமிக்ஞையை ஈதர்நெட் கேபிளில் போகக்கூடியதாக மாற்றிக் கொடுப்பது. ஃபைபர் இணைப்பில் அந்தப் பெட்டியை ஓஎன்டி என்பார்கள். இங்கே எல்லாவற்றையும் மோடம் என்றே சொல்கிறேன். ரவுட்டரின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. வெளியுலகுக்கு வீட்டின் சார்பில் ஒரே முகவரியோடு நின்று, உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கொடுத்து, யார் கேட்டது யாருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது. அழையாமல் வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது. வைஃபை அதோடு சேர்ந்த கூடுதல் வசதி.

இணைய நிறுவனங்கள் கொடுக்கும் பெட்டி பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே உடலில் செய்யும். அது நன்றாகவே வேலை செய்கிறது, எல்லா அறைக்கும் வைஃபை எட்டுகிறது என்றால் அதைத் தொடாதீர்கள். தனி ரவுட்டர் தேவைப்படுவது, கம்பி நுழையும் மூலையில் மோடம் மாட்டிக்கொண்டு வைஃபை நடுவீட்டுக்கு வராதபோது. பெட்டிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோனபோது. நிறுவனத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் கடவுச்சொல்லை மாற்றிச் சலித்துப்போனபோது. இந்தக் கடைசிக் காரணமே எனக்குப் போதும்.

முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

உங்களிடம் இருப்பது வெறும் மோடமா, இரண்டும் கலந்ததா? பின்புறம் ஒரே ஒரு ஈதர்நெட் போர்ட் இருந்து, அடியில் ஒட்டியிருக்கும் தாளில் வைஃபை பெயரோ கடவுச்சொல்லோ இல்லையென்றால் பெரும்பாலும் அது வெறும் மோடம். நான்கு போர்ட்டுகளும், வைஃபை பெயர் அச்சிட்ட தாளும் இருந்தால் அது கலப்புப் பெட்டி. வெறும் மோடம் என்றால் உங்கள் வேலை பாதியாகிவிட்டது.

அடுத்து நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை. இந்த அழைப்பை முதலிலேயே முடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் பிரித்துப் போட்ட பிறகு இணையம் இல்லாத வீட்டிலிருந்து கேட்பது பெரும்பாடு. பெட்டியைப் பிரிட்ஜ் மோடுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அந்தப் பெயர் எதிரே பேசுகிறவருக்குப் பிடிபடாவிட்டால், "எனக்குச் சொந்த ரவுட்டர் இருக்கிறது, உங்கள் பெட்டி மோடமாக மட்டும் இருந்தால் போதும்" என்று சொல்லுங்கள். இணைப்பு தானாக முகவரி பெறும் வகையா, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ வகையா என்று கேளுங்கள். பிபிபிஓஇ என்றால் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து வாங்கி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விலான் எண் (ஒரே கம்பியில் வரும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்) ஏதாவது போட வேண்டுமா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். வீட்டுத் தொலைபேசியோ டிவி பெட்டியோ அதே மோடத்தில் செருகியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பிரிட்ஜுக்கு மாற்றும்போது அவை நின்றுபோகாமல் அவர்கள்தான் பார்த்துக்கொள்ள முடியும்.

மோடத்தின் அமைப்புப் பக்கத்தை இப்போதே திறந்து, ஒவ்வொரு திரையையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். திரும்பி வருவதற்கு வழி இருக்கிறது என்று தெரிந்தால் கை நடுங்காது.

கம்பியும் அடாப்டரும்

மோடத்தின் அடாப்டரும் ரவுட்டரின் அடாப்டரும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். முனையும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். ஆனால் ஒன்று 12 வோல்ட் 1 ஆம்பியராகவும் மற்றது 12 வோல்ட் 2 ஆம்பியராகவும் இருக்கலாம். ஒன்று 9 வோல்ட்டாகக்கூட இருக்கலாம். ஆம்பியர் குறைந்த அடாப்டரில் ரவுட்டர் இயங்கும், விளக்கும் காட்டும். ஐந்தாறு பேர் சேர்ந்து பயன்படுத்தத் தொடங்கியதும் தானாக அணைந்து மீண்டும் எழும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கிறவர்கள் மென்பொருளையெல்லாம் சந்தேகித்துக் களைத்த பிறகே அடாப்டரைப் பார்ப்பார்கள். பெட்டியைப் பிரித்த கையோடு ஒவ்வொரு அடாப்டரிலும் ஒரு சிறு தாளை ஒட்டி, மோடம், ரவுட்டர் என்று எழுதிவிடுங்கள்.

ஈதர்நெட் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. கேபிளின் உறையில் பொடி எழுத்தில் அதன் வகை அச்சிட்டிருக்கும். கேட் 5இ அல்லது கேட் 6 என்று இருந்தால் 1 கிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை தாங்கும். வெறும் கேட் 5 என்று இருக்கும் பழைய கேபிளை ஒதுக்கி வையுங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். கிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். அதனால் ஒரே ஒரு கம்பி செருகியில் சரியாகப் பதியாமல் இருந்தாலும் கேபிள் முழுதாகச் செத்துவிடும் என்றில்லை. சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு வேகச் சோதனையில் எப்போது பார்த்தாலும் 94 அல்லது 95 என்றே வருகிறதா? கேபிளை மாற்றுங்கள். 100 மெகாபிட் இணைப்பில் நடைமுறையில் கிடைக்கும் உச்சம் அதுதான். நானே மென்பொருளைத் தொடும் முன்பு இந்த எண்ணைத்தான் தேடுவேன்.

செருகியின் முதுகிலிருக்கும் சிறு பிளாஸ்டிக் கொக்கியையும் பாருங்கள். அது உடைந்த கேபிள் போர்ட்டில் உட்கார்ந்தது போலவே தெரியும். யாராவது மேசையைத் துடைத்தால் நழுவிவிடும். செருகும்போது 'கிளிக்' என்ற ஒலி கேட்க வேண்டும், மெல்ல இழுத்தால் வரக்கூடாது. ஃபைபர் இணைப்பில் இன்னொரு எச்சரிக்கை: மோடத்துக்குள் நுழையும் மெல்லிய கம்பியைக் கழற்றாதீர்கள், மடிக்காதீர்கள், அதன் முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். அதை உங்கள் ரவுட்டரால் சரிசெய்ய முடியாது.

இனி இணைப்பது. மோடத்தின் ஈதர்நெட் போர்ட்டிலிருந்து ஒரு கேபிள், ரவுட்டரின் வான் (WAN, வெளி இணைப்புக்கானது) போர்ட்டுக்கு. சில ரவுட்டர்களில் அதற்கு இன்டர்நெட் என்று பெயர். மற்ற போர்ட்டுகளிலிருந்து விலகி வேறு நிறத்தில் இருக்கும். மற்றவையெல்லாம் வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட்டுகள். அவற்றில் ஒன்றில் மடிக்கணினியைக் கேபிளால் செருகுங்கள். அமைத்து முடிக்கும் வரை வைஃபையை நம்ப வேண்டாம். கைப்பேசியிலிருந்து அமைப்பதானால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இணையம் இல்லாத வைஃபையைக் கண்டதும் கைப்பேசி ஓசையில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பிறகு ரவுட்டரின் பக்கம் எத்தனை முறை தட்டினாலும் திறக்காது.

முதலில் மோடத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். விளக்குகள் சிமிட்டி ஓய்ந்து நிலையாகும் வரை சில நிமிடங்கள் பொறுத்திருந்து, பிறகு ரவுட்டரை இயக்குங்கள். கேபிள் டிவி வழி இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். அந்த வகை மோடம் பல, எழுந்தவுடன் தன்னோடு முதலில் பேசும் கருவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை ஏற்க மறுக்கும். நேற்று வரை மடிக்கணினி நேராகச் செருகியிருந்தால் இன்று புது ரவுட்டருக்கு முகவரி தராது. மோடத்தின் மின்சாரத்தை எடுத்து ஓரிரு நிமிடம் கழித்துக் கொடுத்தால் மறந்துவிடும். தொலைபேசி வசதியுள்ள சில மோடங்களுக்குள் பேட்டரி இருக்கும்; சுவரிலிருந்து பிடுங்கினாலும் அவை அணையாது, பேட்டரியையும் கழற்ற வேண்டும்.

பிரிட்ஜ் மோட்

கலப்புப் பெட்டியை வெறும் மோடமாக மாற்றுவதுதான் பிரிட்ஜ் மோட். நிறுவனமே தொலைவிலிருந்து மாற்றிக் கொடுக்கலாம், அல்லது மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் நீங்களே மாற்றலாம். மாற்றிய பிறகு அதன் வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணையவில்லை என்றால் நீங்களே அணைத்துவிடுங்கள்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான முகவரியும் கடவுச்சொல்லும் அதன் அடியில் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. உள்ளே இன்டர்நெட் அல்லது வான் என்ற பகுதியில் இணைப்பு வகையைத் தேர்ந்தெடுங்கள். தானாக முகவரி பெறும் வகை என்றால் டைனமிக் ஐபி. பிபிபிஓஇ என்றால் தாளில் எழுதிய பெயரும் கடவுச்சொல்லும். விலான் எண் கேட்டிருந்தால் அதையும் போட வேண்டும். சில ரவுட்டர்களில் அந்த இடம் ஐபிடிவி என்ற தலைப்பின் கீழ் ஒளிந்துகொண்டிருக்கும், டிவிக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும்.

இணைப்பு கிடைக்காவிட்டால் ரவுட்டர் என்ன பிழை சொல்கிறது என்று படியுங்கள். கடவுச்சொல் தவறு என்கிறதா? அப்படியானால் எதிர்முனை உங்களோடு பேசுகிறது, கம்பியும் விலானும் சரி. எழுத்துப் பிழையைத் தேடுங்கள். எதிர்முனையிலிருந்து பதிலே இல்லை என்கிறதா? அப்போது கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடிப்பதில் பயனில்லை. விலான் எண் தவறு, அல்லது மோடம் இன்னும் பிரிட்ஜுக்கு மாறவில்லை, அல்லது கேபிள் தவறான போர்ட்டில் இருக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் ஏற்க மறுத்தால், மோடமே அந்தக் கணக்கில் உள்ளே நுழைந்திருக்கலாம். ஒரு கணக்குக்கு ஒரு நுழைவு மட்டுமே தரும் நிறுவனங்கள் உண்டு.

பிபிபிஓஇயில் இன்னொரு விசித்திரம். தரவு போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் அதற்கே போய்விடுவதால், வழக்கமான 1500க்குப் பதில் எம்டியூ, அதாவது பொட்டலத்தின் உச்ச அளவு, 1492 ஆக இருக்க வேண்டும். ரவுட்டர்கள் பொதுவாக அதைத் தாமே வைத்துக்கொள்ளும். சில தளங்கள் பளிச்சென்று திறந்து, வேறு சில பாதியில் தொங்கிக்கொண்டே இருந்தால் அந்த எண்ணைப் பாருங்கள்.

இணையம் வந்துவிட்டதா? இன்னும் எழுந்திருக்க வேண்டாம். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி முகவரி என்று ஒரு எண் இருக்கும். அது 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கினால், பெரும்பாலும் மோடம் இன்னும் ரவுட்டராகவே வேலை செய்துகொண்டிருக்கிறது. முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கிறது. இரட்டை என்ஏடி என்பது இதுதான். உலாவுவதற்கும் படம் பார்ப்பதற்கும் அது தடையாகத் தெரியாது. இணைய விளையாட்டு, வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பது, வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு உள்ளே வழி திறந்துவிடுவது ஆகியவற்றில்தான் முரண்டு பிடிக்கும். அந்த எண் 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் கதை வேறு. முகவரிப் பற்றாக்குறையால் நிறுவனமே பல வீடுகளுக்கு ஒரு பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. உங்கள் பொருத்துதலில் குற்றமில்லை. தனிப் பொது முகவரி வேண்டுமானால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பிரிட்ஜுக்கு வழியில்லை என்று நிறுவனம் கைவிரித்தால், கத்தியை மாற்றி உறையில் போடுங்கள்: முகவரி கொடுக்கும் வேலை மோடத்திடமே இருக்கட்டும், உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் வையுங்கள். அது வைஃபை பரப்பும் பெட்டியாக மட்டும் இருக்கும். குழந்தைகளுக்கான நேரக் கட்டுப்பாடு போன்ற ரவுட்டரின் சொந்த வசதிகள் பல அப்போது வேலை செய்யாது. வைஃபை நன்றாக எட்ட வேண்டும் என்பதுதான் தேவை என்றால் இழப்பொன்றும் இல்லை. பழைய ரவுட்டரில் இந்த மோடே இல்லையென்றாலும் கையால் செய்யலாம். மோடம் 192.168.1.1 ஆக இருந்து 192.168.1.100க்கு மேல் முகவரி வழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதன் டிஎச்சிபியை (முகவரி வழங்கும் வசதி) அணைத்து, மோடத்திலிருந்து வரும் கேபிளை வான் போர்ட்டில் அல்ல, லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள்.

இரண்டையும் ரவுட்டராகவே விட்டுவைக்க வேண்டிய கட்டாயம் வந்தால் குறைந்தபட்சம் முகவரிகள் மோதாமல் பாருங்கள். மோடமும் 192.168.1.1, ரவுட்டரும் 192.168.1.1 என்றால் பொட்டலம் எந்தப் பக்கம் போவதென்று ரவுட்டருக்கே தெரியாது. விளக்கெல்லாம் எரிந்தும் இணையம் வராத வீடுகளில் பல இந்த வகை. ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.50.1 என்று மாற்றினால் தீர்ந்தது.

வைஃபை

புது ரவுட்டருக்குப் புதுப் பெயர் வைக்க ஆசையாக இருக்கும். வைக்காதீர்கள். பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல் அப்படியே கொடுத்தால், டிவி, அச்சுப்பொறி, கேமரா என்று எல்லாம் மாற்றம் நடந்ததே தெரியாமல் இணைந்துகொள்ளும். பழைய கடவுச்சொல் ஊருக்கே தெரிந்தது என்றால் மட்டும் மாற்றுங்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3, பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூபிஏ2ம் 3ம் கலந்தது. கடவுச்சொல் இல்லாமல் பொத்தானாலோ எண்ணாலோ கருவியைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்; அதன் எட்டிலக்க எண்ணை எளிதில் ஊகித்துவிடலாம் என்பது 2011லேயே வெளிவந்துவிட்டது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தூரம் போகும், மெதுவானது, நெரிசல் மிக்கது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவருக்குச் சுவர் தேயும். 2.4ல் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11. இவற்றில் ஒன்றைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள், சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள். ரவுட்டரை இயக்கி ஒரு நிமிடம் ஆகியும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். ரேடார்களோடு பகிரும் சேனல்களில் முதலில் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது விதி. ஸ்மார்ட் பல்பு, பிளக் வகையறாக்களில் பெரும்பாலானவை 2.4ல் மட்டுமே பேசும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருக்கும்போது அவை சேர மறுத்தால், சேர்க்கும் வரை 5ஐ அணைத்துவிட்டுப் பிறகு இயக்குங்கள்.

வைக்கும் இடம்: நடுவீடு, தோளுயரம், திறந்த வெளி. டிவிக்குப் பின்னாலும், இரும்பு அலமாரிக்குள்ளும், மைக்ரோவேவ் அடுப்புக்கு அருகிலும் வேண்டாம். தனி ரவுட்டர் வாங்கியதன் பலனே இதுதான்: மோடம் மூலையில் கிடக்கட்டும், நீளமான கேபிள் ஒன்றை இழுத்து ரவுட்டரை நடுவே கொண்டுவாருங்கள்.

வேகச் சோதனையைக் கேபிளில் செருகிய மடிக்கணினியில் முதலில் செய்யுங்கள். அங்கே எண் சரியாக வந்து வைஃபையில் குறைந்தால் இடமும் சேனலும் பிரச்சினை. கேபிளிலேயே குறைந்தால் மோடமோ கம்பியோ நிறுவனமோ.

பிறகு ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்து, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள். அமைப்புகளைக் கோப்பாகச் சேமியுங்கள். பிபிபிஓஇ விவரம் எழுதிய தாளை ரவுட்டரின் அடியிலேயே ஒட்டிவிடுங்கள்.

பிரிட்ஜுக்கு மாறிய மோடத்தின் பக்கம் பழைய முகவரியில் திறக்காமல் போகலாம். கேபிள் மோடங்கள் பலவற்றுக்கு 192.168.100.1 முயன்று பாருங்கள். என்றாவது நிறுவனம் பெட்டியை மாற்றினாலோ, உதவிக்கு அழைத்தபோது ரீசெட் செய்யச் சொன்னாலோ, அது பிரிட்ஜை விட்டுப் பழையபடி ரவுட்டராகி வைஃபையையும் பரப்பத் தொடங்கிவிடும். கைப்பேசியின் வைஃபை பட்டியலில் நிறுவனத்தின் பெயரோடு ஒன்று புதிதாகத் தலைகாட்டினால், ரவுட்டரில் வேறெதையும் தொடாமல் அந்த வான் ஐபி எண்ணை முதலில் பாருங்கள்.